கழுத்துக் கத்தி அடம்பிடித்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைச் சரிசெய்வது

கழுத்தில் கத்தியைத் தொங்கவிட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு நார்வேக்கு வந்த பிறகுதான் ஏற்பட்டது. த்ரோன்ஹைமில் இலையுதிர்காலத்தில் காளான் பறிக்கப் போனால் உடம்பில் மூன்று அடுக்கு உடை இருக்கும். அதன் மேல் முதுகுப்பையின் இடுப்புப் பட்டை இறுக்கிக் கட்டியிருக்கும். இடுப்பில் செருகிய கத்தி இவை அத்தனைக்கும் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு காளானின் அடியைச் சீவுவதற்காகப் பட்டையை அவிழ்த்து, மேலங்கியைத் தூக்கித் துழாவினால் மூன்றாம் காளானுக்குள் அலுத்துவிடும். மார்பு வரை ஏறும் ரப்பர் உடையோடு ஆற்றில் நின்று தூண்டில் போடுபவருக்கும் இதே தொல்லைதான். மார்பில் தொங்கும் சின்னக் கத்திக்கு வேலை இங்கேதான் இருக்கிறது. தற்காப்புக்கென்று வாங்க நினைப்பவர்களுக்கு என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

இங்கே செதுக்குக் கத்தியை ‘டொல்லெக்னிவ்’ என்கிறார்கள். முதல் தடவை என் காதில் அது ‘தொல்லைக் கத்தி’ என்றே விழுந்தது. சில மாதங்களில் பொருத்தமான பெயர்தான் என்று தோன்றிவிட்டது. ஆனால் தொல்லை பெரும்பாலும் கத்தியால் வருவதில்லை. ஆகவே கத்தியைத் திட்டுவதற்கு முன் உறையைப் பாருங்கள். உறைக்கும் முன் கயிற்றைப் பாருங்கள். கீழே வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலும்தான் போய் முடிகின்றன.

கத்தி தானாக நழுவி விழுகிறது

மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைத் தீர்த்துவிட வேண்டும். கழுத்துக் கத்தியைப் பெரும்பாலும் தலைகீழாகத்தான் மாட்டுகிறார்கள்: கைப்பிடி கீழே, முனை மேலே. கையைக் கொண்டுபோய்க் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். வசதிதான், ஆனால் புவியீர்ப்பு நாள் முழுவதும் கத்தியை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை எதிர்ப்பது உறையின் கவ்வல் ஒன்றுதான்.

சோதனை எளியது. தரையில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, காலைத் தள்ளி நிறுத்திக்கொண்டு, உறையைத் தலைகீழாகப் பிடித்து, ஈரக்கையை உதறுவதுபோல் பத்து முறை உதறுங்கள். கத்தி பெட்டிக்குள் விழுந்தால் இன்றைக்கு அது கழுத்தில் ஏறக்கூடாது.

விழுந்துவிட்டால், உறை எதனால் ஆனது என்று பாருங்கள். இன்று கிடைக்கும் கழுத்துக் கத்திகளில் பல கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டில் செய்த உறையோடு வருகின்றன. 1960களில் விமானங்களின் உட்புறத்துக்காக உருவான பொருள் அது. சூடாக்கினால் தோல்போல் வளையும், ஆறினால் அப்படியே நின்றுவிடும். இந்த உறை கத்தியைக் கவ்வுவது அலகின் நடுவில் அல்ல. அலகு முடிந்து கைப்பிடி தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் அழுந்தியிருக்கும், கவ்வல் முழுவதும் அங்கேதான். அந்தப் பள்ளம் தளர்ந்ததா, மண் அடைத்துக்கொண்டதா, விளிம்பிலுள்ள குழாய் ஆணி ஆடுகிறதா என்று பாருங்கள். மண் என்றால் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் காயவைத்தால் போதும்.

பள்ளமே தளர்ந்திருந்தால் சூட்டுத் துப்பாக்கி (சுடுகாற்றை ஊதும் கருவி) வேண்டும். தலை உலர்த்தும் கருவி பெரும்பாலும் போதாது. கொதிநீர் அரைகுறையாகவே வளைக்கும். கைடெக்ஸ் ஒழுங்காக வளைவதற்கு ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் தேவை. கத்தியை வெளியே எடுத்துவிட்டு, அந்த ஒரு பகுதியை மட்டும், காற்றை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடாக்குங்கள். விரலால் அழுத்தினால் இளகுகிறது என்றதும் (கையுறை போட்டிருக்கிறீர்கள் அல்லவா?) கத்தியைச் செருகி, மடித்த தடித்த துணியால் இருபுறமும் அழுத்தி, முழுக்க ஆறும்வரை பிடித்திருங்கள். மேற்பரப்பின் சொரசொரப்பு மறைந்து பளபளக்கத் தொடங்கினால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். தளர்வை இன்னொரு முறை இறுக்கலாம், கொப்பளித்த உறையைக் குப்பையில்தான் போட வேண்டும்.

நன்றாக இருந்த உறை திடீரென்று தளர்ந்தது என்றால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: வெயிலில் நின்ற காரின் கண்ணாடிக்கு அடியில் வைத்தீர்களா? சென்னை வெயிலுக்கு அது போதும்.

அச்சில் வார்த்த சாதா பிளாஸ்டிக் உறைகளைச் சூடாக்கவே கூடாது. சுவீடனின் மோரா ஊரில் 1891 முதல் கத்தி செய்துவரும் நிறுவனத்தின் எல்ட்ரிஸ் கத்தியின் உறை இந்த வகை. அதைக் கழுத்தில் மாட்டுவதற்கான தொகுப்பில் உறையோடு சேர்த்துக் கத்தியைப் பூட்டும் பட்டை ஒன்று வருகிறது. அதை அழகுக்காக வைத்ததாக எண்ணிக் கழற்றி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். தோல் உறை என்றால், நனைத்து, சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிய கத்தியைச் செருகி, கைவிரலால் அழுத்தி வடிவம் கொடுத்து, நிழலில் காயவைத்தால் ஓரளவு மீளும். ஆனாலும் பட்டை இல்லாத தோல் உறையைத் தலைகீழாகத் தொங்கவிட நான் துணியமாட்டேன். ஈரத்தில் தோல் இளகும். நார்வேயில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

எடுக்க வரவில்லை, முக்கி இழுத்தால் திடீரென்று பாய்கிறது

முந்தைய கோளாறை அளவுக்கு மீறிச் சரிசெய்தால் இது வரும். எனக்கு வந்தது. முகவாய்க்குக் கீழே ஒரு சின்னக் கோடு இன்னும் இருக்கிறது. நேராகத் தொங்கவிட்டிருந்தேன், மேல்நோக்கி இழுத்தேன், இறுக்கம் விட்ட கணத்தில் கை முகத்தை நோக்கி வந்துவிட்டது.

முதலில் எடுக்கும் முறையைத் திருத்துங்கள். இழுக்காதீர்கள், தள்ளுங்கள். நான்கு விரல்கள் கைப்பிடியைப் பற்றியிருக்க, கட்டைவிரலை உறையின் வாயில் ஊன்றித் தள்ளினால் கத்தி ஒரு ‘டக்’ சத்தத்தோடு அரை அங்குலம் மட்டும் நகரும். அங்கே நிற்கும். பிறகு மெதுவாக எடுக்கலாம். கட்டைவிரலை ஊன்ற உறையின் வாயில் இடமில்லை என்றால் அது உறையின் குறை. கைடெக்ஸ் என்றால் வாயின் ஓரத்தைச் சூடாக்கி வெளிப்புறமாகச் சற்று வளைத்துவிடலாம். தள்ளியும் வரவில்லை என்றால் உட்புறப் பள்ளத்தை உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேய்த்து, செருகிப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். உதறல் சோதனையை ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள்.

கயிறு எதிலாவது மாட்டினால் அறுவதில்லை

இந்தக் கோளாறைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. கயிறு அறாமல் இருப்பதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். பாராகார்ட் என்ற பாராசூட் கயிற்றின் மேலுறைக்குள் ஏழு இழைகள் இருக்கின்றன. தாங்கும் எடை 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ. ஒரு மாட்டுக் கன்றையே கட்டலாம். அதைத்தான் நாம் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறோம். கிளையில் மாட்டினால், சைக்கிள் கைப்பிடியில் சிக்கினால், வழுக்கி விழும்போது பாறை முனையில் கோத்துக்கொண்டால், அறப்போவது கயிறு அல்ல.

ஆகவே கழுத்துக் கயிற்றில் வேண்டுமென்றே பலவீனமான ஓரிடம் இருக்க வேண்டும். அலுவலக அடையாள அட்டைப் பட்டைகளில் பின்கழுத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் இணைப்பு இருக்குமே, இழுத்தால் பட்டென்று பிரிந்துவிடுவது, அதை வெட்டி எடுத்துக் கயிற்றில் கோக்கலாம். சிறு உலோக மணிகள் கோத்த குண்டுச் சங்கிலி இன்னும் எளிது, அதன் இணைப்பு வேகமாக இழுத்தால் விட்டுவிடும். தடிமன் குறைந்ததாக வாங்குங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், கயிற்றை அறுத்து இரண்டு முனைகளிலும் சிறு வளையம் போட்டு, இரண்டையும் தையல் நூலால் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள்.

எப்படிச் செய்தாலும் சோதிக்காமல் மாட்டாதீர்கள். கதவுக் கொக்கியில் கயிற்றை மாட்டி, ஐந்து கிலோ அரிசிப் பையை அதில் தொங்கவிடுகிறேன். பிரிந்து பை விழ வேண்டும். விழாவிட்டால் ஒரு சுற்று நூலைக் குறைப்பேன். இப்படிப் பிரிந்து காட்டில் ஒரு கத்தி தொலைந்தது. வருத்தம்தான், புதிது வாங்கிவிட்டேன்.

பலவீன இணைப்பு இருந்தாலும் சில வேலைகளுக்குக் கத்தியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்: சுழலும் இயந்திரம் எதனிடமும், பாறை ஏறும்போது, சைக்கிளில், தூங்கும்போது, கைக்குழந்தையைத் தூக்கும்போது. படகிலும் கயாக்கிலும் உயிர்காப்பு மேலங்கியின் மேலேயே கத்தியைப் பொருத்துகிறார்கள். மேலங்கிக்கு அடியில் கழுத்தில் கிடக்கும் கத்தியால் அங்கே பயனில்லை.

நடந்தால் ஆடுகிறது, குனிந்தால் முகத்தில் இடிக்கிறது, மாலையில் கழுத்து வலிக்கிறது

மூன்றுக்கும் காரணம் நீளமும் எடையும். உறையின் கீழ்முனை மார்பெலும்பு முடியும் இடத்தைத் தாண்டித் தொங்கக்கூடாது. தொப்புள் வரை தொங்குவது கோயில் மணிபோல ஆடத்தான் செய்யும். மிகவும் ஏற்றிக் கட்டினாலும் எடுக்கும்போது முகவாய் அருகில் வருகிறது. கழுத்துப் பட்டன் மூடிய சட்டைக்கு உள்ளே உறையை விட்டால் ஆட்டம் பாதியாக நின்றுவிடும். மேலே போடுவதென்றால் முதுகுப்பையின் மார்புப் பட்டையை உறையின் மேலாகப் பூட்டிவிடுங்கள்.

எடையைப் பொறுத்தவரை, உறையோடு சேர்த்து 120 கிராமைத் தாண்டினால் அதை இடுப்புக்கு அனுப்பிவிடுவேன். வாங்கும்போதே கவனிக்க வேண்டியது இது. பெரு நாட்டில் கடுமையாகக் கொட்டும் எறும்பு ஒன்றின் பெயரைத் தாங்கிய, ஈஸீ நிறுவனத்தின் இஸூலா கத்தியின் அலகு சுமார் 67 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் தடிமன். எல்ட்ரிஸின் அலகு 59 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். முதலாவது முறுக்கினாலும் தாங்கும். இரண்டாவது ஆப்பிளைப் பிளக்காமல் நறுக்கும். கழுத்தில் தொங்குகிற கத்தியால் விறகு பிளக்கப் போவதில்லை. என் ஓட்டு மெல்லியதற்கே.

கழுத்து அரிக்கிறது என்றால் நைலான் கயிற்றுக்குப் பதிலாகப் பருத்தி நாடா. உறையும் அதில் கோத்த தீத்தட்டிக் கம்பியும் (கத்தி முதுகால் உரசினால் பொறி பறக்கும் கம்பி) ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடுகிறதா? பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத் துண்டை வெட்டி உறையின் மேல் மாட்டுங்கள். கம்பியும் அதற்குள் அடங்கும். அவசரத்துக்கு அந்த ரப்பரையே கொளுத்தி நெருப்பு மூட்டலாம், ஈரத்திலும் எரியும். நாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதையும் வெட்டவில்லை, ஆனாலும் மழுங்குகிறது

வெட்டாத கத்தி மழுங்குகிறது என்றால் உறைதான் அதைத் தேய்க்கிறது. அலகின் கூர் விளிம்பு முழுவதிலும் மார்க்கர் பேனாவால் மை தடவுங்கள். காய்ந்ததும் உறையில் பத்து முறை செருகி எடுங்கள். மை அழிந்த இடத்தில் உறை உரசுகிறது. முனையருகே மட்டும் அழிந்தால் உறை குட்டை. ஒரு பக்கம் மட்டும் அழிந்தால் நீங்கள் சாய்த்துச் செருகுகிறீர்கள். கத்தியின் முதுகை உறையின் முதுகுப் பக்கச் சுவரில் அழுத்தியபடி செருகிப் பழகுங்கள். விளிம்பு நெடுக அழிந்து, அலகில் மெல்லிய கீறல்களும் தெரிந்தால் உள்ளே மணல். கழுவுங்கள். உறையின் முனையில் தண்ணீர் வடியத் துளை இல்லையென்றால் ஒன்று போட்டுவிடுங்கள், அழுக்கும் அதன் வழியே போகும்.

துரு

கழுத்தில் தொங்கும் கத்திக்குக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. உப்பு நீரை நாமே நாள் முழுவதும் சுரந்து ஊட்டுகிறோம். இஸூலாவைப் போல 1095 கார்பன் எஃகில் செய்த கத்தி, வியர்வையில் ஒரு பகல் கிடந்தாலே ஆரஞ்சுப் புள்ளி காட்டும். எல்ட்ரிஸ் 12சி27 என்ற எஃகிலும் கிடைக்கிறது. அதில் குரோமியம் 13 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் பொறுமை அதிகம். பொறுமை என்றுதான் சொன்னேன். கோடையில் ஃபியோர்டில் மக்கரல் பிடித்து, செவுளை வெட்டி ரத்தம் வடித்த கத்தியைக் கழுவாமல் உறையில் போட்டுப் பாருங்கள், துருப்பிடிக்காத எஃகிலும் ஊசிக்குத்துப் போலக் குழிகள் விழும். உறைக்குள் ஈரத்தை மூடிவைப்பதுதான் இதில் பெரிய தப்பு. வீட்டுக்கு வந்ததும் கத்தியையும் உறையையும் நல்ல தண்ணீரில் கழுவி, இரவு முழுவதும் தனித்தனியாக வையுங்கள். தோல் உறையில் கத்தியை நீண்டநாள் போட்டு வைக்கவே கூடாது.

மேலோட்டமான துருவை எண்ணெயும் மெல்லிய உப்புத்தாளும் எடுத்துவிடும். கார்பன் எஃகு என்றால் வினிகரில் சில நிமிடங்கள் ஊறவைத்துச் சாம்பல் நிறம் ஏற்றிக்கொள்ளலாம். அதுவும் ஒருவகைத் துருதான், ஆனால் சிவப்புத் துருவை ஓரளவு தள்ளி நிறுத்தும். ஊறவைத்த பிறகு சோடா உப்பு கரைத்த தண்ணீரில் கழுவ மறந்தால் மறுநாள் எல்லாம் வீண். எண்ணெய் விஷயத்தில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஊர் வழக்கப்படி தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் சாமான். நவம்பரில் கத்தியை எடுத்தால் உறைக்குள் வெண்ணெய் தேய்த்ததுபோல் ஒட்டிக்கொண்டது. ஊரில் அது நல்ல எண்ணெய்தான், இங்கே சாப்பாட்டுக்கு ஏற்ற மினரல் ஆயிலுக்கு மாறிவிட்டேன்.

கைக்குள் நிற்கவில்லை, சுற்றிய கயிறு உருள்கிறது

எடை குறைய வேண்டுமென்று கைப்பிடியை வெறும் துளையிட்ட தகடாக விட்டுவிடும் கத்திகள் உண்டு. பெரிய கையில் மூன்று விரல்தான் பிடிக்கும். கைப்பிடியின் நுனித் துளையில் ஒரு கயிற்று வளையமும் மணியும் கோத்தால் சுண்டு விரலுக்குப் பிடிமானம் கிடைத்துவிடும். மாற்றங்களில் இதற்குத்தான் செலவு குறைவு, பலன் அதிகம்.

கயிறு சுற்றுவதானால், பாராகார்டின் உள் இழைகளை உருவிவிட்டு, தட்டையான மேலுறையை மட்டும் எடுங்கள். அதை நனைத்து, ஈரமாக இருக்கும்போதே இழுத்து இறுக்கிச் சுற்றுங்கள், காயும்போது சுருங்கி இறுகும். காய்ந்த கயிறாகச் சுற்றியவர்களுக்குத்தான் அது மழையில் உருள்கிறது. இறுக்கம் நிலைக்க மெல்லிய எபாக்சி பசையை ஊறவிடலாம். அது இன்னொன்றையும் தீர்க்கும்: மீன் நாற்றம். பசை ஏறாத கயிறு ஒரு கோடைக்குள் கழுவவே முடியாத கருவாடாகிவிடும். சுற்றி முடித்ததும் உறையில் செருகிப் பாருங்கள். கைப்பிடியின் தொடக்கத்தில் தடிமன் கூடி, கவ்வல் பள்ளம் எட்டாமல் போகும். மீண்டும் சூட்டுத் துப்பாக்கி.

மெருகேற்றப் போய் அலகில் நீலம் படர்ந்தது

அரவை இயந்திரத்தில் கைப்பிடித் துளையைப் பெரிதாக்கவோ முனையை மாற்றவோ போனால் இது நடக்கும். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று எஃகு தன் சூட்டை நிறத்தால் சொல்லும். நீலம் என்றால் ஏறத்தாழ 300 டிகிரி. 1095 போன்ற எஃகில் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. நிறத்தைத் தேய்த்து மறைக்கலாம், போன பதம் வராது. கைப்பிடிப் பகுதியில் என்றால் விட்டுவிடுங்கள். கூர் விளிம்பில் என்றால் நீலம் முழுவதும் போகும்வரை, இம்முறை கையால், கல்லில், தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பின்வாங்க வேண்டும். அலகு குட்டையாகும், வேறு வழியில்லை. இயந்திரமே வேண்டுமென்றால் கையுறை இல்லாமல் பிடியுங்கள், விரல் சுட்டதும் தண்ணீரில் முக்குங்கள். சாதாரணத் துளையிடும் ஊசி இந்த எஃகில் ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டை முறித்திருக்கிறேன்.

தீத்தட்டிக் கம்பியில் பொறி வரவில்லை என்றால் கத்தியின் முதுகு உருண்டையாக இருக்கிறது, அல்லது கறுப்புப் பூச்சு மூடியிருக்கிறது. முதுகில் முனையருகே ஓரங்குலத்தை மட்டும் அரத்தால் நேர்க்கோணமாக்குங்கள். முழுவதையும் ஆக்கினால் செதுக்கும்போது கட்டைவிரல் தேயும்.

போலீஸ்காரர் நிறுத்துகிறார்

உறையாலும் கயிற்றாலும் தீராத ஒரே கோளாறு இது. நார்வேயில் மீன்பிடிப்பு, காடு, வேலை என்று தகுந்த காரணம் இருந்தால் கத்தி வைத்திருக்கலாம். காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் குற்றம். காட்டில் சரியாக இருந்த கத்தி, திரும்பி வரும்போது டிராமில் ஏறியதும் தவறாகிவிடும். மரத்தடியிலேயே கழற்றிப் பையின் அடியில் போட்டுவிடுங்கள். பிரிட்டனிலும் மடங்காத அலகுள்ள கத்திக்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் மடங்காத கத்தியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வது குற்றம். சட்டைக்குள் விடு என்று மேலே சொன்ன யோசனை அங்கே செல்லாது. இந்தியாவில் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அல்லாத கத்திகளைத்தான் குறிப்பிடுகின்றன. கழுத்துக் கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனால் சட்டைக்குள்ளிருந்து கத்தி ஒன்று வெளியே தலைநீட்டினால் அங்குலக் கணக்கைக் கேட்கும் பொறுமை யாருக்கு இருக்கும்?

விமானத்தில் கைப்பையில் பெரும்பாலும் அனுமதி இல்லை. தெரிந்தும் ஒருமுறை ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில், காட்டுக்குக் கொண்டுபோன பையையே எடுத்துப் போய்விட்டேன். பாதுகாப்புச் சோதனையில் கத்தியை எடுத்துக்கொண்டு, கயிற்றை மட்டும் கழற்றிக் கையில் கொடுத்தார்கள்.